தேர் நகரும் நொடி

என் அக்கா மகன் ரிக் வண்டி வைத்திருக்கிறான். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரத்தைச் சுமக்கும் ஒரு லாரி, ராடுகளையும் சாமான்களையும் ஆட்களையும் சுமக்கும் இன்னொரு லாரி, இரண்டும் சேர்ந்ததுதான் ரிக் வண்டி. எங்கள் ஊர் வண்டிகள் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மாதக்கணக்கில் நின்று வேலை பார்க்கும். வெயில் ஏற ஏறத்தான் போர் போடுகிறவர்கள் கூடுவார்கள். இரவெல்லாம் துளை போட்ட ஆட்கள் பகலில் தூங்கியாக வேண்டும். வெளியே 42 டிகிரி, தலைக்கு மேலே தகரம்.

அவர்கள் படுப்பதற்காகப் பழைய வேன் ஒன்றை வாங்கினான். நாமக்கல்லில் ஒரு பட்டறையில் விட்டு, இருக்கைகளைக் கழற்றி நான்கு படுக்கை போட்டு, பின்சுவரில் ஒரு டன் ஜன்னல் ஏசி மாட்டினான். கூடவே 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருந்தான். ஏசியின் தகட்டில் 1,100 வாட் என்று இருந்தது. ஜெனரேட்டர் 2,000 வாட் தரும். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வேலை, தாராளம் என்று நினைத்தான்.

ஜெனரேட்டரைக் கிளப்பி ஏசியைப் போட்டோம். விசிறி ஓடியது. மூன்று நிமிடம் கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். வேனுக்குள் எரிந்த பல்பு செம்மஞ்சளாக மங்கியது. ஜெனரேட்டரின் சத்தம் அடிவயிற்றுக்கு இறங்கியது. ஏசிக்குள் எதுவோ 'ம்ம்ம்' என்று முனகியது. நான்கைந்து நொடியில் இன்னொரு 'டக்', முனகல் நின்றது, பல்பு பழையபடி எரிந்தது. விசிறி மட்டும் சூடான காற்றை வீசிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அதேதான்.

"ஜெனரேட்டரு சரியில்லீங்களா மாமா?" என்றான்.

ஜெனரேட்டரைச் சோதிக்க வீட்டிலிருந்து வாளியில் போடும் ஹீட்டர் ராடு கொண்டுவந்தோம். அது 1,500 வாட். ஏசியைவிட 400 வாட் அதிகம். போட்டதும் ஜெனரேட்டர் ஒரு கணம் குரல் மாற்றியதோடு சரி, பத்து நிமிடத்தில் வாளித் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுட்டது. ஜெனரேட்டரில் குறையில்லை. வீட்டு பிளக்கில் மாட்டினால் ஏசியும் ஜம்மென்று ஓடுகிறது, அதிலும் குறையில்லை. 1,500 வாட்டைச் சுமந்த கழுதை 1,100 வாட்டுக்கு ஏன் மண்டியிடுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு மோட்டார் ரூமிலும் சுவரில் தொங்குகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ப்ஸ் மீட்டர் ஒன்று இருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் அதன் முள் விர்ரென்று வலது ஓரத்துக்குப் போய் முட்டும், பிறகு மெல்ல இறங்கி வழக்கமான இடத்தில் நிற்கும். முள் இறங்காவிட்டால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், இல்லையென்றால் காயில் போய்விடும் என்று பத்து வயதுப் பையனுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த முள் ஓடிப்போய்த் திரும்பும் தூரம்தான் எங்கள் வேனில் நடந்ததன் முழுக் கதை. மோட்டார் கிளம்பும்போது கேட்கும் மின்சாரம் வேறு, ஓடும்போது கேட்கும் மின்சாரம் வேறு. முதலாவதைத் தொடக்க மின்னோட்டம் என்றும் அடுத்ததை ஓட்ட மின்னோட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். ஏசியின் தகட்டில் இருக்கும் 1,100 வாட் ஓட்டத்துக்கான கணக்கு. ஹீட்டர் ராடுக்கு இந்த இரண்டு முகமும் இல்லை. அது சூடாகிற கம்பி, கேட்கிற அளவைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மாதிரி கேட்கும்.

வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நிலையில் நிற்கிற தேரை அசைக்க ஊரே வடம் பிடிக்க வேண்டும். முன்னால் அத்தனை பேர் இழுத்தும் போதாமல், பின்னால் சக்கரத்துக்கு உலுக்கு மரம் கொடுத்து நெம்புவார்கள். ஒரு முறை உருண்டுவிட்டால் பாதிப் பேர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடந்தாலும் தேர் போகும். தேருக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டால், வீதியில் போகும்போது எண்ணக் கூடாது. நிலையிலிருந்து நகரும் நொடியில் எண்ண வேண்டும்.

ஆனால் மோட்டார் கிளம்பும்போது மின்சாரத்தை இப்படி விழுங்குவதற்குக் கனம் மட்டும் காரணமில்லை. ஏசி கம்ப்ரசருக்குள் இருப்பது தூண்டல் மோட்டார். அதில் வெளியே அசையாத சுருள், உள்ளே சுழலும் உருளை. உருளையைச் சுழலி என்பார்கள். வெளிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அதற்குள் ஒரு காந்தப்புலம் சுழலத் தொடங்கும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்று. காந்தப்புலம் தன்னைக் கடந்து போகும் வேகத்துக்கு ஏற்ப சுழலியில் மின்னோட்டம் தூண்டப்படும், அந்த மின்னோட்டமே சுழலியைக் காந்தமாக்கிப் புலத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடும். சுழலி நிற்கும் கணத்தில் புலம் 3,000 சுற்று வேகத்தில் அதைக் கடக்கிறது. வேக வித்தியாசம் முழுசாக இருப்பதால் தூண்டப்படும் மின்னோட்டமும் உச்சம், அதை ஊட்டும் வெளிச் சுருளிலும் உச்சம். சுழலி வேகம் பிடித்து 2,850 சுற்றை எட்டியதும் வித்தியாசம் வெறும் 150. மின்னோட்டமும் அடங்கிவிடுகிறது. இந்த வேக வித்தியாசத்துக்கு நழுவல் என்று பெயர். நழுவல் குறையக் குறைய மோட்டாரின் பசி குறையும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை, நேரடியாக அளந்து பார்க்கக் கூடியது. கம்ப்ரசர் செய்கிறவர்கள் சுழலியை அசையவிடாமல் பிடித்துவைத்து, மின்சாரம் கொடுத்து, எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணைக் கம்ப்ரசர் தகட்டில் எல்ஆர்ஏ என்ற எழுத்துகளோடு அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் ஓட்ட மின்னோட்டத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு இருக்கும். ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர் முதலில் தேட வேண்டிய எண் இதுதான். ஏசியின் வெளித்தகட்டில் 1,100 வாட் கண்ணில் படும் இடத்தில் இருக்க, இந்த எண்ணோ உள்ளே கம்ப்ரசரின் கறுப்புத் தொட்டி மேல் ஒளிந்துகிடக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

நாங்களும் அளந்தோம். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் டாங் டெஸ்டர் கொண்டுவந்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறந்து ஒயரைக் கவ்வுகிற மீட்டர் அது. ஒயரை வெட்டாமல், அதைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை வைத்தே ஆம்பியரைச் சொல்லிவிடும். சாதாரண டெஸ்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றிக் காட்டும், அரை நொடி விவகாரம் அதன் கண்ணில் படாமல் போய்விடும். அவருடையதில் உச்சத்தைப் பிடித்துவைக்கும் பொத்தான் இருந்தது. முதலில் வீட்டு பிளக். கம்ப்ரசர் கிளம்பிய நொடியில் 27 ஆம்பியர், அடுத்த மூச்சில் 5. பிறகு ஜெனரேட்டர். அதன் முழுக் கொள்ளளவே ஒன்பது ஆம்பியருக்குக் கீழே. கம்ப்ரசர் 'டக்' என்றதும் டெஸ்டர் 16 காட்டியது. பக்கத்தில் வைத்திருந்த வோல்ட் மீட்டர் 230-லிருந்து 140-க்கு விழுந்தது.

"பாத்தீங்களா, வோல்டேஜ் உக்காந்துருச்சு. அப்புறம் எங்கீங்க கெளம்பும்?" என்றார் அண்ணன்.

வோல்டேஜ் உட்கார்ந்தது என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கொடிய வட்டம் இருக்கிறது. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜோடு சரிசமமாகக் குறைவதில்லை, அதன் இருமடியாகக் குறைகிறது. வோல்டேஜ் பாதியானால் திருகுவிசை கால்பங்கு. எங்கள் 140 வோல்ட்டில் கம்ப்ரசருக்குக் கிடைத்த விசை வழக்கமானதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். விசை போதாததால் சுழலி நகரவில்லை. நகராததால் நழுவல் குறையவில்லை. நழுவல் குறையாததால் மின்னோட்டம் உச்சத்திலேயே நிற்கிறது. மின்னோட்டம் இறங்காததால் வோல்டேஜ் எழவில்லை. அந்த 'ம்ம்ம்' என்ற முனகல், நின்ற இடத்திலேயே கம்ப்ரசர் வெந்துகொண்டிருந்த சத்தம். உள்ளே இருக்கும் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்து அதைக் காப்பாற்றியது. பத்துப் பதினைந்து முறை பிடிவாதமாகப் போட்டுப் பார்த்திருந்தால் காயில் போயிருக்கும்.

வீட்டு பிளக்கில் இந்த வட்டம் தொடங்குவதே இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது மாநிலத்தின் மின்கட்டமைப்பு. மேட்டூர் அனல்மின் நிலையம் ஒன்றே 1,440 மெகாவாட், எங்கள் ஜெனரேட்டர் மாதிரி 7,20,000 ஜெனரேட்டர்களுக்குச் சமம். அதில் 27 ஆம்பியரை அரை நொடி அள்ளுவது மேட்டூர் அணையில் ஒரு குடம் மொள்வது மாதிரி, மட்டம் அசையாது. ஜெனரேட்டர் என்பது வாசலில் வைத்த அண்டா.

கம்ப்ரசர் கிளம்பும்போது எதை எதிர்த்துத் தள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதனால்தான் 1,100 வாட் செலவழித்து அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. அந்த 3,500 வாட்டுக்குத்தான் ஒரு டன் என்று பெயர். ஏசி வருவதற்கு முன் ஐஸ் கட்டிகளை வைத்துக் குளிரூட்டிய காலத்தில், ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் அது. வெப்பத்தை வெளியே கொட்ட, கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32 வாயு, கடும் வெயில் நாளில் வெளிக்குழாயில் 500 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தில் இருக்கும். லாரி டயரில் நாம் அடிக்கிற காற்றைப்போல நான்கு மடங்கு. ஓடிக்கொண்டிருந்த ஏசியை நிறுத்திய உடனே போட்டால், கம்ப்ரசர் இந்த அழுத்தத்தின் நெஞ்சில் முட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். நிறுத்தி மூன்று நிமிடம் விட்டால் இரண்டு பக்கத்து அழுத்தமும் ஒன்றோடொன்று கலந்து சமமாகிவிடும். ஏசி தானாகவே மூன்று நிமிடம் காத்திருப்பது இதற்காகத்தான். ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்கள் அந்த மூன்று நிமிடத்தை ஐந்தாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கேவிஏ. கடையில் 2 கேவிஏ என்று சொன்னால் 2,000 வாட் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டை மட்டும் தனியாகப் போக முடியாது, முப்பது முப்பதாக அடுக்கிய டிரேக்களில்தான் போகும். முட்டை இறங்கிவிடும், காலி டிரே திரும்பி வரும். டிரேக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் லாரியில் அது இடம் அடைக்கிறது. மோட்டாரிலும் இப்படித்தான். வேலை செய்யும் மின்சாரத்தோடு, காந்தப்புலத்தை எழுப்புவதற்கென்று ஒரு பங்கு மின்சாரம் போகும். புலம் எழும்போது உள்ளே போய், அடங்கும்போது திரும்பி, நொடிக்கு நூறு தடவை இப்படிப் போய்வந்துகொண்டே இருக்கும். அது வேலை எதுவும் செய்யாது, ஆனால் ஒயரிலும் ஜெனரேட்டரின் சுருளிலும் இடம் பிடிக்கும். முட்டையும் டிரேயும் சேர்ந்த சுமை கேவிஏ, முட்டை மட்டும் என்றால் கிலோவாட். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் திறன் காரணி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஹீட்டர் ராடுக்கு டிரே கிடையாது. நிற்கிற மோட்டாருக்கோ டிரேதான் அதிகம், முட்டை குறைவு.

ஜெனரேட்டர் தகட்டிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சிறிது நேரத்துக்கு மட்டும் தரக்கூடிய அதிகபட்சம், மற்றது மணிக்கணக்கில் தரக்கூடிய தொடர்திறன். பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் எண். வாங்கும்போது கணக்குக்கு எடுக்க வேண்டியது இரண்டாவது.

ஆக, சாதாரண ஒரு டன் ஏசிக்கு எவ்வளவு ஜெனரேட்டர் வேண்டும்? 27 ஆம்பியருக்கு 6 கேவிஏ என்று பயப்பட வேண்டாம். சுழலும் எஞ்சினின் சக்கரத்தில் கொஞ்சம் வேகம் சேமிப்பாக இருக்கிறது, ஜெனரேட்டரின் சுருளும் ஒரு நொடிக்கு இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். அனுபவத்தில் 3 முதல் 3.5 கேவிஏ போதும். பந்தல் போடுகிற ஒருவரிடமிருந்து 3.5 கேவிஏ ஒன்றை அரை நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டியது, ஏசி கிளம்பிவிட்டது. ஆனால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கிளம்பிய பிறகு அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை, எஞ்சின் மட்டும் 3,000 சுற்றில் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அரை நொடிக்காக நாள் முழுவதும் பெரிய எஞ்சினைக் கட்டி மேய்ப்பதா?

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜெனரேட்டரை மாற்றாதே, ஏசியை மாற்று என்றேன்.

இன்வெர்ட்டர் ஏசியைத்தான் சொன்னேன். இந்த இன்வெர்ட்டர் என்ற சொல் நம் ஊரில் பெரிய குழப்பம். மின்தடையின்போது விளக்கெரிக்கிற பேட்டரிப் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் என்கிறோம், ஒரு வகை ஏசிக்கும், ஒரு வகை ஜெனரேட்டருக்கும் அதே பெயர். மூன்றிலும் நடப்பது ஒரே வித்தை: ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்திலிருந்து, திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டத்தைச் செய்வது. நாமே செய்வதால் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதும் நம் இஷ்டம். இன்வெர்ட்டர் ஏசி, பிளக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, அதிலிருந்து மிகக் குறைந்த ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறது. மேலே சொன்ன காந்தப்புலத்தை நினைத்துப் பாருங்கள். நிற்கும் சுழலியை அது இப்போது 3,000 சுற்றில் கடந்து ஓடுவதில்லை. தானும் மெல்லக் கிளம்பி, சுழலியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. பெரிய வேக வித்தியாசம் எழாததால் மின்னோட்டத்தில் பாய்ச்சலும் இல்லை. டாங் டெஸ்டரில் 1 ஆம்பியர், 2, 3 என்று எண் படியேறுவதைப் பார்த்தபோது அண்ணன் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். அதே 2 கேவிஏ ஜெனரேட்டர், ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, ஒரு முனகல் இல்லை.

ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டர் வகை வாங்கலாம். சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்காக எப்போதும் 3,000 சுற்றில் ஓடியாக வேண்டும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கு அந்தக் கட்டாயமில்லை, சுமை குறைந்தால் எஞ்சினும் வேகம் குறையும், சத்தமும் பெட்ரோலும் மிச்சம். விலை அதிகம். பக்கத்தில் ஆட்கள் படுப்பார்கள் என்றால் அந்த விலை தகும்.

ஆனால் எந்த ஏசி என்று யோசிப்பதற்கு முன் வேனின் கூரையைப் பார்க்க வேண்டும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கொட்டுகிறது. வேன் கூரை எட்டுச் சதுர மீட்டர். எட்டாயிரம் வாட் மேலிருந்து இறங்க, ஒரு டன் ஏசி அள்ளி வெளியேற்றுவது 3,500. கூரை அதில் எவ்வளவை உள்ளே விடுகிறது என்பதுதான் கேள்வி. இதில் எங்கள் கோழிப்பண்ணைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வெயில் நேரடியாகப் பக்கவாட்டில் விழாமல் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுவார்கள், கோடைக்கு முன் கூரைக்கு வெள்ளை அடிப்பார்கள், ஓலை போடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள். கோழிக்கு வியர்வை கிடையாது, சூடு ஏறினால் வாயைப் பிளந்து மூச்சிரைத்தே செத்துவிடும் என்பதால் வந்த அறிவு இது. வேன் கூரைக்கு வெளியே வெள்ளைப் பெயிண்ட், உள்ளே இரண்டு அங்குலத் தெர்மாகோல், அதன்மேல் பிளைவுட் என்று பட்டறையில் மறுபடி விட்டோம். முன்பு ஓயாமல் ஓடிய கம்ப்ரசர் இப்போது பாதி வேகத்திலேயே திருப்தியாகிவிடுகிறது. நிற்க ஒரு புளியமரம் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

வெயில் இன்னொரு பக்கமும் கடிக்கும். 42 டிகிரியில் காற்று லேசாகிவிடும், 25 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு சதவீதம் குறைவான காற்றே எஞ்சினுக்குள் போகும், திறனும் அதே அளவு குறையும். ஏசி அதிகம் கேட்கிற நாளில்தான் ஜெனரேட்டர் குறைவாகத் தருகிறது. 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அங்கே யாருக்கு ஏசி வேண்டும் என்று கேட்கலாம். கொல்லிமலையில் வெல்டிங் வேலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது உதவும்.

எரிபொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்பது யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. சிறு ஜெனரேட்டர் அதில் இரண்டு யூனிட் மின்சாரம் கொடுத்தால் அதிகம். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு மூன்று நான்கு லிட்டர் ஆகும். லாரியிலேயே ஏசி வருகிறதே, ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்கலாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்டவை எல்லாவற்றுக்கும், ஓட்டுநர் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் இது எவ்வளவு பெரிய நல்ல செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏசி எஞ்சினின் பெல்ட்டில் ஓடுவது, வண்டியை நிறுத்தித் தூங்க வேண்டுமானால் எஞ்சினும் ஓட வேண்டும். சும்மா நின்று ஓடும் லாரி எஞ்சின் மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியோ, ஒட்டக் கறந்தாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது. ஆகவே ஜெனரேட்டருக்கு இன்னும் இடம் இருக்கிறது, கேஸ் டேங்கர்களைத் தவிர. கேஸ் ஏற்றிய வண்டிக்கு அருகே பெட்ரோல் ஜெனரேட்டர் என்ற பேச்சே கூடாது.

எங்கே வைப்பது என்பது மிச்சம். திறனைவிட இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு படுத்தவர்கள். காரணத்தை ஊகமாக விடவில்லை. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் உள்ளிட்ட குழு ஒன்று அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டி, உள்ளே காற்றை அளந்து பார்த்தது. வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியது தெரிந்தது. இதற்கு மணமில்லை, நிறமில்லை. காற்றின் எடைதான் ஏறத்தாழ இதற்கும், அதனால் மேலே போகும் கீழே தங்கும் என்று நம்ப முடியாது, காற்று போகும் இடமெல்லாம் போகும். ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது என்று தோன்றும். தூங்கப் படுத்தவருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்காது.

ஆகவே ஜெனரேட்டர் வேனிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம், புகைக்குழாய் வேனுக்கு எதிர்ப்புறம் பார்க்க நிற்க வேண்டும். தள்ளி வைத்தால் ஒயர் நீளும், நீண்ட மெல்லிய ஒயரில் வோல்டேஜ் உட்காரும், அரை நொடிப் பிரச்சினை வேறு வாசல் வழியாகத் திரும்ப வரும். அதனால் 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் எடுத்தோம். படுக்கைத் தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டினோம்.

வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேனுக்குள் எல்லாக் கதவையும் அடைத்து ஏசியைப் போட்டோம். ஜன்னல் ஏசிகளில் உள்காற்றைக் கொஞ்சம் வெளியே தள்ளுவதற்கு ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் திறந்து வைத்து, அக்கா மகன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு தரையில் மண்டியிட்டான். கதவோரம், சக்கரத்து மேடு, ஸ்டெப்னி போல்ட் என்று ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனான். புகை நேராக எழுந்தது. பழைய இருக்கை கழற்றிய இடத்தில், விரல் நுழையும் ஒரு போல்ட் ஓட்டையருகே வந்தபோது புகை சட்டென்று வளைந்து வேனுக்குள் பாய்ந்தது. கீழேயிருந்து காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இங்கீங்க மாமா," என்றான்.

நெம்புகோலை மூடிப் பார்த்தோம், வளைவு குறைந்தது, நிற்கவில்லை. அப்படி ஏழு ஓட்டைகள் கண்டுபிடித்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, இரவே தகடு வைத்து அடைத்தோம். மறுபடி ஊதுபத்தி கொளுத்திச் சுற்றிவந்து, ஏழு இடத்திலும் புகை நேராக நிற்பதைப் பார்த்த பிறகுதான் வண்டியை அனுப்பினோம்.